குடல் புற்றுநோயும் குடும்பமும்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் குறித்து வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரின் பெயரைத் தவிர அடையாளங்களை நீக்கியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

மன்னார்குடி: என் அப்பா 48 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். சித்தப்பாவுக்கு 55 வயதில் அதே நோய் வந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். அத்தைக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். எனக்கு 34 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. சோதனை அவசியமா?

அவசியம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளில் இருப்பது, ஒரு மருத்துவர் அரை மணி நேரம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய தகவல். நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் குலதெய்வமும் பங்காளி முறையும் பல தலைமுறைக்குச் சொல்லத் தெரியும். தாத்தா எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்து இறந்தார் என்று கேட்டால் "வயித்துல கட்டி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வயதும் உறுப்பும்தான் எங்களுக்கு வேண்டியவை.

உங்கள் குடும்பத்தில் லிஞ்ச் நோய்த்தொகுதி இருக்கக்கூடும். செல்கள் பிரியும்போது மரபணுவில் எழுத்துப் பிழைகள் நேர்வது இயல்பு. அவற்றைத் திருத்துவதற்கென்றே எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 என்ற மரபணுக்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போய், குடலிலும், பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரிலும் இளம் வயதிலேயே புற்று உண்டாகலாம். குடல் புற்றுநோயாளிகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 3 பேரிடம் இது காணப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரும் குடல், கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்ததால் தானும் அப்படியே இறப்பேன் என்று நோய்க்கூறியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம் சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. வார்தின் அந்தக் குடும்ப வரலாற்றை 1913இல் வெளியிட்டார். பின்னாளில், இந்த நோய்த்தொகுதிக்குப் பெயர் தந்த மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அந்தக் குடும்பத்தையும் தேடி ஆராய்ந்தார். மரபணு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்தப் பெண் தன் குடும்பக் கணக்கைச் சரியாக வைத்திருந்தார் என்பதே எனக்கு வியப்பு.

முதலில் அத்தையின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். நாம் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வது, கர்ப்பப்பை வாயிலும் இருக்கலாம், உட்சுவரிலும் இருக்கலாம். வாயில் வருவது பெரும்பாலும் ஒரு வைரஸால் வருவது; லிஞ்சோடு தொடர்பற்றது. அடுத்து, சோதனையை உங்களிடமிருந்து தொடங்காமல் சித்தப்பாவிடமிருந்து தொடங்குவதே முறை. அவருக்கு அகற்றிய கட்டியின் மெழுகு பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்துவைத்த கட்டித் துண்டை, மருத்துவமனை வைத்திருந்தால், அந்த நான்கு புரதங்களும் அதில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கலாம். ஏதேனும் இல்லையென்றால் சித்தப்பாவின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் குறிப்பிட்ட பழுது தெரிந்தபின், அந்த ஒன்று மட்டும் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் நீங்கள் மற்றவர்களைப் போலவே.

இருந்தால்? 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது. பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் கவனித்தபோது, 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டவர்களிடம்கூடக் குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்தது. புற்றாக மாறுமுன் பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியை, எடுத்துவிடுவதே அதற்குக் காரணம். 861 லிஞ்ச் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் குறைந்தது 2 ஆண்டுகள் எடுக்க ஒதுக்கப்பட்டவர்களுக்குக் குடல் புற்றுநோய் 9 சதவீதமாகவும், மற்றவர்களுக்கு 13 சதவீதமாகவும் இருந்தது. அதற்காக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிவிட வேண்டாம். இரைப்பைப் புண்ணும் ரத்தக் கசிவும் அந்த மாத்திரையின் மறுபக்கம். மரபணுச் சோதனைக்கு வசதிப்படாவிட்டாலும், இந்தக் குடும்ப வரலாற்றோடு நீங்கள் 40 வயதுவரை காத்திருக்கக் கூடாது. கொலோனோஸ்கோபியை இப்போதே செய்துகொள்ளுங்கள்.

கும்பகோணம்: என் மகளுக்கு என் அண்ணன் மகனைப் பேசி வைத்திருக்கிறோம். அண்ணன் 44 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தவர். சொந்தத்தில் கொடுப்பதால் பேரக்குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா?

இதைக் கேட்கத் துணிந்ததற்கு நன்றி. சம்பந்தம் கெட்டுவிடும் என்று இந்தப் பேச்சையே மூடிவைக்கும் வீடுகள்தாம் அதிகம். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள் நடக்கும்போது, மூடிவைப்பதன் விலையும் அதிகம்.

பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் ஒற்றை மரபணுப் பழுதால் வருவதில்லை. உங்கள் அண்ணனுக்கு வந்ததும் அப்படி இருக்கலாம். ஆனால் 44 என்பது இளம் வயது. அவருக்கு லிஞ்ச் இருந்து, அது உங்கள் பெற்றோர் வழியே வந்திருந்தால், உங்களிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, உங்கள் மகளிடம் கால், மாப்பிள்ளையிடம் பாதி. இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுவின் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் இரண்டுமே பழுதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி அமைந்த குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரக்கூடும். தோலில் காப்பி நிறத் திட்டுகள் காணப்படுவதும் உண்டு. அரிதுதான், ஆனால் சொந்தத்தில் மணப்பவர்களிடம் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. எம்.யு.டி.ஒய்.ஹெச். என்ற இன்னொரு மரபணுவும் அப்படியே: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் குடலில் பாலிப்கள் பெருகும்.

ஆகவே நிச்சயத்தை நிறுத்த வேண்டியதில்லை. தேதியைச் சற்றுத் தள்ளி வைத்து, அண்ணனின் பிளாக் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் ஒரு மரபணு ஆலோசகரையும் முதலில் பாருங்கள். ஜாதகப் பொருத்தத்துக்குக் காத்திருக்கும் நாம் இதற்கும் காத்திருக்கலாம்.

குத்தாலம்: கணவருக்குக் குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான பாலிப்கள். பிள்ளைகளை எப்போது சோதிக்க வேண்டும்?

ஏ.பி.சி. மரபணுப் பழுதாக இருந்தால் 10 முதல் 12 வயதிலேயே. இதை விட்டுவைத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் 40 வயதையொட்டிப் புற்று வந்துவிடும். உரிய காலத்தில் பெருங்குடலை அகற்றுவதே இதற்கு வழி. கணவரின் மரபணு அறிக்கை கையில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையோடு முடியும்.

திருவையாறு: மூன்று ஆண்டுகளாக மூலத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். ரத்தம் நிற்கவில்லை. ஆண், வயது 52.

மூலம் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? விரலால்கூடப் பரிசோதிக்காமல் தரப்பட்ட மருந்தாக இருந்தால் அது அனுமானம். மூலமும் புற்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. மலம் போகும் வழக்கம் மாறியிருந்தாலோ, போன பின்னும் முழுமை இல்லாமல் தோன்றினாலோ, ஆணான உங்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலோ ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். ஊசி போட்டுக் காயவைக்கிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம்.

நாகப்பட்டினம்: எங்கள் வீட்டில் தினமும் மீன், அடிக்கடி கருவாடு, ஞாயிறு ஆட்டுக்கறி. எதை நிறுத்த வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. பதப்படுத்தியது என்றால் சாசேஜ், சலாமி போன்றவை. தினமும் 50 கிராம் தின்றால் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மீன் அந்த வகைப்பாட்டில் இல்லை. கருவாட்டைக் குறைக்கச் சொல்வது உப்புக்காக. ஞாயிற்றுக்கிழமைக் கறியும், வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்டாதவரை, கவலைக்குரியதல்ல.

நான் கவலைப்படுவது உங்கள் தட்டில் இல்லாததைப் பற்றி. மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி, அதன் மேல் குழம்பு. நார்ச்சத்து நாளொன்றுக்கு 10 கிராம் கூடும்போது அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு கிண்ணம் சுண்டல், கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் இந்த மண்ணில் மலிவாகக் கிடைப்பவை. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று பாரம்பரிய நெல் மீண்டும் வருவது நல்லதே; ஆனால் அதையும் தவிடு போகத் தீட்டிப் பளபளப்பாக விற்றால் மிஞ்சுவது பெயர் மட்டுமே.

மயிலாடுதுறை: வாரம் இரண்டு நாள் மட்டும் குடிக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாராயம் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. அளவு கூடக் கூட அபாயமும் கூடும். புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

தஞ்சாவூர்: சைவம், குடி இல்லை, புகை இல்லை. 61 வயதில் எனக்கு ஏன் வந்தது?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. வயது கூடுந்தோறும் பிழைகளும் சேரும். ஒரு சிறு பாலிப் புற்றாக 10 ஆண்டுகள்வரை ஆகலாம். உடல் பருமன், சர்க்கரை நோய், நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பது ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுபவை. சைவம் மட்டும் இவற்றிலிருந்து காப்பதில்லை. ஆனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் 40 வயதில், அதைத் தாண்டியிருந்தால் இப்போதே, கொலோனோஸ்கோபி செய்துகொள்ளட்டும்.

பட்டுக்கோட்டை: அம்மாவின் அறிக்கையில் "எம்.எஸ்.ஐ. ஹை" என்று இருக்கிறது. இது கெட்ட செய்தியா?

பெரும்பாலும் நல்ல செய்தி. மேலே சொன்ன பிழை திருத்தும் வேலை அந்தக் கட்டியில் நின்றுபோயிருக்கிறது என்பதே அதன் பொருள். பிழைகள் மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்புச் சக்தி எளிதாக அடையாளம் காணும். இரண்டாம் நிலையில் இத்தகையவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள்; வழக்கமான ஃப்ளூரோயுரேசில் மருந்தை மட்டும் தருவதால் அவர்களுக்குப் பயனில்லை. பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து, கீமோவைவிட ஏறத்தாழ இரு மடங்கு காலம் நோயைக் கட்டுப்படுத்தியது. 2022இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இவ்வகை மலக்குடல் புற்று இருந்த முதல் 12 பேருக்கும் டோஸ்டார்லிமாப் மருந்திலேயே கட்டி முற்றிலும் மறைந்தது. விலைதான் இடிக்கிறது.

வயதானவர்களிடம் இந்தப் பழுது பரம்பரையாக அன்றி, கட்டிக்குள் மட்டுமே நேர்ந்ததாகவும் இருக்கலாம். எம்.எல்.ஹெச்.1 புரதம் இல்லையென்றால் பி.ராஃப் என்ற மரபணுவுக்கான சோதனையைக் கட்டியில் செய்யக் கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் லிஞ்ச் என்ற கவலை பெரும்பாலும் நீங்கும். இல்லாவிட்டால் மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்: மூன்றாம் நிலை பெருங்குடல் புற்று, அறுவையும் கீமோவும் முடிந்தன. வீட்டார் அசையக் கூடாது என்கிறார்கள். வயல் பக்கம் போகவும் விடுவதில்லை. ஆஸ்பிரின் எடுக்கலாமா?

வீட்டாரின் அன்பு புரிகிறது, அறிவுரை தவறு. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உங்களைப் போன்ற 889 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், கீமோ முடிந்தபின் 3 ஆண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 90.3 சதவீதம் பேரும், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம் பேரும் 8 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். ஒரு மருந்து இந்த அளவு வேறுபாட்டைத் தந்திருந்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம், மூச்சு சற்று வாங்கும்படியான வேகத்தில் நடப்பது ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும்.

ஆஸ்பிரினைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதே ஆண்டு வெளியான வடக்கு ஐரோப்பிய ஆய்வில், கட்டியில் பி.ஐ.கே.3சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்குத் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் நோய் திரும்புவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. எனவே கட்டியைச் சோதிக்காமல் மாத்திரையைத் தொடங்க வேண்டாம்.

நடப்பதற்கு விடிகாலையைத் தேர்ந்தெடுங்கள். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் வெயில் தாங்காது. கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் இருந்திருந்தால் பாதம் மரத்திருக்கும், முள் குத்தினாலும் தெரியாது. அதனால் வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பின்பக்கம் வார் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.