சிக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு: மாற்றியமைத்த பழைய மஸ்கட்டுகள் பற்றிய கேள்வி பதில்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் எனக் கணவாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மஸ்கட் என்பது வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய நீளத் துப்பாக்கி.

ஆரியங்காவிலிருந்து: ஐயா, தாத்தா வீட்டுப் பரணில் ஆள் உயரத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. விசையை இழுத்தால் பாயும் குதிரை சுத்தியல் போல இருக்கிறது. ஆனால் பக்கத்து இரும்புத் தகட்டில் எதற்கும் பயன்படாத ஓட்டைகள் இரண்டு மூன்று தெரிகின்றன. ஓரிடத்தில் பித்தளை வைத்து அடைத்திருக்கிறார்கள். யாரோ கெடுத்துவிட்டார்களா?

யாரும் கெடுக்கவில்லை. நீங்கள் பார்ப்பது, சிக்கிமுக்கிக் கல்லால் வெடித்த துப்பாக்கியைக் கேப் (அடித்தால் வெடிக்கும் மருந்தை அடக்கிய சின்னச் செம்புத் தொப்பி) வைத்து வெடிப்பதாக மாற்றியபோது எஞ்சிய தடயம். பழைய அமைப்பில் கல்லைக் கவ்விய குதிரை முன்னால் பாய்ந்து ஓர் எஃகுத் தகட்டில் உரசும். தெறிக்கும் பொறி கீழேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ குழலின் பக்கத்துத் துளை வழியாக உள்ளே போய் முக்கிய மருந்தைப் பற்றவைக்கும். மாற்றும்போது கிண்ணம், எஃகுத் தகடு, அந்தத் தகட்டைத் தாங்கிய வில் ஆகிய மூன்றையும் கழற்றிவிட்டார்கள். அவற்றின் திருகுகள் இருந்த இடங்கள்தான் உங்கள் ஓட்டைகள்.

வேறெதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குதிரையைத் தொடாமல், குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, வாய்க்கு நேரே நிற்காமல், ஒரு மரக்குச்சியை உள்ளே மெதுவாக விட்டு, வாய் மட்டத்தில் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி நிப்பிள் (கேப்பை மாட்டும் துளையுள்ள சிறு முனை) இருக்கும் இடம் வரை வராமல் இரண்டு மூன்று விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே இன்னும் மருந்தும் குண்டும் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். நூறாண்டு கழிந்தாலும் ஈரம் புகாத கருமருந்து வெடிக்கும். தோண்டி எடுக்க முயலாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

தென்காசியிலிருந்து: நன்றாக வேலை செய்த துப்பாக்கியை ஏன் மாற்ற வேண்டும்?

நன்றாக வேலை செய்யவில்லை என்பதுதான் காரணம். 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் இரண்டு வகையையும் தலா ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள். சிக்கிமுக்கி 922 முறை பொய்த்தது. கேப் 36 முறை மட்டுமே பொய்த்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதைச் சின்னச் செம்புத் தொப்பிக்குள் அடக்கியபின்தான் படைகளுக்கு அது உதவியது.

நம்மூர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று இதில் உண்டு. 1841 மே மாத இறுதியில், சீனாவின் கான்டன் நகருக்கு அருகே, மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி (சிறு படைப்பிரிவு) கொட்டும் மழையில் வழிதவறிப் பெருங்கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கிண்ணத்து மருந்து நனைந்துபோனதால் அந்தச் சிப்பாய்களின் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் வெறும் தடிகளாகிவிட்டன. துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிகளை வைத்தே மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அவர்களைத் தேடிச்சென்று மீட்ட கடற்படை வீரர்களிடம் கேப் துப்பாக்கிகள் இருந்தன; அதே மழையில் அவை வெடித்தன.

குழலும் மரமும் உறுதியாக இருக்கும்போது முழுத் துப்பாக்கியையும் வீசிவிட எந்த அரசுக்கும் மனம் வராது. ஆகவே, கிடங்கில் லட்சக்கணக்கில் இருந்தவற்றை மாற்றினார்கள். பிரிட்டனின் 1839 மாதிரியே கிடங்கிலிருந்த பழைய உறுப்புகளைப் பயன்படுத்திச் செய்யப்பட்டதுதான். பிரான்சும் பிரஷ்யாவும் அமெரிக்காவும் இதே வழியில் போயின.

புனலூரிலிருந்து: மாற்றிய விதத்தில் வேறுபாடு உண்டா? எதை வாங்குவது நல்லது?

மூன்று விதங்களை அடிக்கடி பார்க்கலாம். பக்கத்துளையைப் பெரிதாக்கி மரையிட்டு, ஓர் உருளையைத் திருகி, அதன்மேல் நிப்பிளை வைப்பது மலிவான வழி, ஊர்க்கொல்லரும் செய்யக்கூடியது. துளையை அடைத்துவிட்டுக் குழலின் மேற்புறத்திலேயே நிப்பிளைப் பதிப்பது இரண்டாவது. இதற்குக் குதிரையை உள்ளே வளைத்துச் செய்ய வேண்டும், அமெரிக்கப் படைத் துப்பாக்கிகளில் இது மிகுதி. குழலின் அடிப்பகுதியை வெட்டி நிப்பிளோடு கூடிய புதுப் பகுதியைப் பொருத்துவது மூன்றாவது. செலவு அதிகம், உறுதியும் அதிகம். உறுதியை மட்டும் பார்த்தால் மூன்றாவதைச் சொல்லுவேன். ஆனால் சேகரிப்பவருக்கு முதல் வகையில்தான் சுவாரசியம் மிகுதி, ஏனென்றால் அதில் ஒவ்வொரு கையும் தனித்தனியாகத் தெரியும்.

கொல்லங்கோட்டிலிருந்து: கேப் துப்பாக்கியை மறுபடி சிக்கிமுக்கியாக்கினால் விலை கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். கூடுவதும் விலை மட்டுமே, பொருள் குறைந்துவிடும். அது படையில் வாழ்ந்த வாழ்வின் பிற்பாதியை அழித்துவிட்டு, முற்பாதியையும் போலியாக்குகிறீர்கள்.

அப்படி ஒன்றை நானே ஏமாந்து வாங்கியவன். ‘கைபடாத அசல் சிக்கிமுக்கி’ என்று ஒரு வியாபாரி கொடுத்தார். நானும் மாலை வெளிச்சத்தில் பார்த்துப் பூரித்துப்போனேன். மறுநாள் காலை, சாய்ந்து விழும் வெயிலில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, பக்கத்துளையைச் சுற்றி ஏறக்குறைய சுண்டுவிரல் நகம் அளவுக்கு மெல்லிய வட்டக்கோடு ஒன்று தெரிந்தது. பழைய உருளை இருந்த மரையை அடைத்து, அந்த அடைப்பின் நடுவில் புதிதாக ஊசித்துளை போட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் தீ கக்கிய துளையைச் சுற்றி இரும்பு அரித்துக் குழிக்குழியாக இருக்க வேண்டும்; இதில் அந்த இடம் கன்னம் போல வழவழவென்றிருந்தது. லாக்கை (குதிரையை இயக்கும் பக்கத்துத் தகட்டு அமைப்பு) கழற்றினால் உள்ளுறுப்புகளில் கைவினைஞர் அரத்தால் கீறிய அடையாளக் கோடுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இப்போது அதை மாணவர்களுக்குக் காட்டத்தான் வைத்திருக்கிறேன்.

பாலக்காட்டிலிருந்து: லாக் தகட்டில் சிங்கம் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கி என்று உறுதியா?

சிங்கம் மட்டும் போதாது. கிரீடத்தை முன்னங்காலில் ஏந்திப் பின்னங்காலில் நிற்கும் சிங்கம் கம்பெனியின் முத்திரைதான். அதற்கு முந்தைய காலத்தில் நான்காகப் பிரித்த இதய வடிவம் இருக்கும். ஆனால் இரண்டுமே போலியாக வெட்டப்பட்டிருக்கின்றன. குழலை அளந்து பாருங்கள்: ‘இந்தியா மாதிரி’ என்ற பிரிட்டிஷ் மஸ்கட் வகையில் நீளம் 39 அங்குலம், வாய் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். குழலை மரத்தோடு குறுக்கு ஊசிகள் பிடித்திருக்க வேண்டும். இரும்பு வளையங்கள் பிடித்திருந்து வாய் 17.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பிரெஞ்சு வழி வந்ததா என்று பாருங்கள்.

களியக்காவிளையிலிருந்து: பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழம்பொருள் மதிப்புடைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் அது பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாததாக இருக்க வேண்டும். நிப்பிளும் குதிரையும் சரியாக உள்ள கேப் துப்பாக்கி அந்த வரையறைக்குள் வருவது கடினம். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தென்மலையிலிருந்து: கோயில் கொடையில் ஒரே ஒரு முறை வெறும் மருந்து மட்டும் கெட்டித்து வெடிக்கலாமா?

கூடாது. மரை தேய்ந்த நிப்பிளோ உருளையோ பிய்த்துக்கொண்டு வந்தால், அது போகும் திசையில் சுடுபவரின் கண்ணும் பக்கத்தில் நிற்பவரின் முகமும்தான் இருக்கும்.

புளியரையிலிருந்து: சாரல் காலத்தில் துரு பூத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து, அமிலமாகி, இரும்பையே தின்னும். துருவைச் செங்கல் பொடியாலோ உப்புத்தாளாலோ தேய்க்கவும் வேண்டாம். முத்திரைகள்தான் முதலில் போகும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மெழுகு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் வியர்வை உப்பு விரல்ரேகையாகத் துருப்பிடிக்கும். தோல் உறையிலோ கம்பளியிலோ சுற்றாமல், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். நிப்பிள் சுற்றுப்புறத்தை மட்டும் மாதம் ஒரு முறை பாருங்கள். பழைய கேப்புகள் விட்டுப்போன உப்பு ஈரத்தை உறிஞ்சுவதால் துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும்.