பிரபலமில்லாத, ஆனால் உங்களால் மறக்க முடியாத மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்த அண்ணனைச் சொல்வேன். அவர் குடும்பத்தார் விரும்பமாட்டார்கள் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஊரிலும் பெரும்பாலோருக்கு அவர் 'சலூன் அண்ணன்'தான். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில், பெரிய வீடுகள் நிறையவும் அவற்றில் குடியிருப்போர் குறைவாகவும் உள்ள ஊர்களில் ஒன்று எங்களுடையது.

அவருடைய தகப்பனார் காலத்தில், சவரக் கருவிகள் வைக்கும் அடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்வதே வழக்கம். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. தகப்பனார் அந்தப் பின்வாசல் வழியாகவே வந்து, அதன் வழியாகவே திரும்பினார். அறுவடை முடிந்ததும் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி. மகன் அதைத் தொடரவில்லை. 1980-களில் கடைவீதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு சுழல் நாற்காலியும் எதிரெதிராக இரண்டு கண்ணாடிகளும் வைத்து, முடி வெட்டிக்கொள்ள வேண்டியவர்கள் இங்கே வரட்டும் என்று சொல்லிவிட்டார். யாராக இருந்தாலும் அதே நாற்காலி, அதே வரிசை. சிலர் அதைத் திமிர் என்றார்கள். எனக்கு அது திமிராகத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும், அவருக்கு அந்தத் திமிர் தேவையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்ன அதே மனிதர், அன்றைக்கு டி.வி.எஸ். 50-இல் புறப்பட்டு, நடக்க முடியாமல் கிடக்கும் முதியவர்களின் வீடுகளுக்குத் தாமாகவே போவார். முகப்பு வழியாகத்தான் நுழைவார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஒரு சமையல்காரரை மட்டும் துணையாக வைத்துக்கொண்டிருந்த எங்கள் ஐயாவும் (தாத்தா) அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கில் ஒருவர். பல் போய்க் கன்னம் ஒட்டியவர்களுக்குச் சவரம் செய்வது எளிதன்று. தோல் மடிப்பில் பிளேடு ஏறிவிட்டால் ரத்தம்தான். "ஐயா, கன்னத்த உப்புங்க" என்பார். ஐயா நாகசுர வித்துவானைப் போல உப்பிக் காட்டுவார். நுரையைத் துடைத்து, படிகாரக் கல்லைத் தடவி, காது மடலில் நீண்டிருக்கும் முடியையும் கை கால் நகங்களையும் வெட்டிவிட்டு, அதன் பிறகும் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஐயாவின் கால் வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சென்னையிலிருந்த என் தகப்பனாருக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான்; உடன் இருந்த சமையல்காரர் கவனிக்காதது, வாரம் ஒரு முறை நகம் வெட்ட வந்தவரின் கண்ணில் பட்டது.

அதற்குக் கடையில் வாங்கும் கூலியைத்தான் வாங்கினார். என் தகப்பனார் ஒரு தடவை கூடுதலாகப் பணம் கொடுத்தனுப்ப, மிச்சம் மறுநாளே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அரசு விடுதி மாணவர்களிடமோ அந்தக் கூலியையும் வாங்கமாட்டார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்கள் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவிய 1990-களில், யாரும் கேட்கும் முன்பே பழைய கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆளுக்கொரு புது பிளேடு போடத் தொடங்கினார். சுற்று வட்டாரத் தொழிலாளர்களை நச்சரித்து முடிதிருத்துவோர் நலவாரியத்தில் பதிய வைத்தவரும் அவரே; 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடிக் கிடந்தபோது, அப்படிப் பதிந்திருந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: முடியைச் சற்று நீளமாக விடச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார். கல்லூரிப் பையன்கள் அதனாலேயே காரைக்குடிக்குப் பேருந்து ஏறினார்கள்.

வீட்டின் மீது அவருக்கிருந்த பிரியம் ஊரறிந்தது. மதியம் ஒன்றரை மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார், வாசலில் நான்கு பேர் காத்திருந்தாலும் சரி. மனைவியோடும் மூன்று பெண்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார். பெண்கள் பள்ளிக்குப் போன காலத்தில் காலையில் இரட்டைச் சடை பின்னிவிட்டது அவர்தான். அவர் தெருவில் வெளியூர்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு குடியிருந்தாள். உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. குன்றக்குடியில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் நாளில், தாய்மாமன் மடி எங்கே என்று யாரோ கேட்க, அண்ணன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். மொட்டையடித்தவர் வேறொருவர். அன்று முதல் பொங்கல், தீபாவளி தவறாமல் அந்தக் குழந்தைக்கு மாமன் முறைத் துணி போனது. அவர் பெண்களுக்கு எடுத்த கடையிலேயே எடுத்த துணி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நோயில் படுத்த கடைசி மாதங்களில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றும் செவ்வாய்க்கிழமை. சவரம் செய்ய வெளியிலிருந்து ஆளை அழைக்கலாம் என்று உறவினர்கள் சொல்லியும் அவர் ஒப்பவில்லையாம். நடுப்பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கற்றுக்கொடுத்தபடியே தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கன்னத்த உப்புங்க" என்றாள். அவரால் ஒரு பக்கம்தான் உப்ப முடிந்தது.