மவுஸை அவர்கள் கையிலேயே விடுங்கள்: பெரியவர்களுக்கு இணையம் கற்றுத்தருவது பற்றிய கேள்வி பதில்

வயதான பிறகு முதல்முறையாக இணையத்துக்கு வருபவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லித்தருகிறேன். வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுத்தர முயலும் உங்கள் கேள்விகளுக்கு, தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முதல் வகுப்பில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

திரும்பி வருவதிலிருந்து. நிறையப் பேர் கூகுளில் தேடுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்பாவின் பயம் அங்கே இல்லை. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்பதுதான் அவர் பயம். வந்த வழியே திரும்பத் தெரிந்துவிட்டால் அது பாதி போய்விடும்.

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். பிடித்த தலைப்பை அவர் கிளிக் செய்யட்டும். மேலே இடது பக்கம் இருக்கும் அம்புக்குறியால் திரும்பி வரட்டும். வேறொன்றைத் திறக்கட்டும், மறுபடி வரட்டும். முதல் நாளுக்கு இது போதும்.

இதில் ஒரு சிக்கல் வரும். சில இணைப்புகள் புதிய டேபில், அதாவது அதே பிரவுசருக்குள் இன்னொரு பக்கமாக, திறக்கும். அப்போது அம்புக்குறி மங்கிக் கிடக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்றே அவர் நினைப்பார். அந்த நேரத்தில் மேலே உள்ள பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு டேப் இருக்கிறதா? இருந்தால் புதியதை மூடினால் பழையது அங்கேயே இருக்கும். தவறிப்போய் வேறொன்றை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்த, மூடியது திரும்ப வரும். இதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி தனி.

ஆண்ட்ராய்டு போன் என்றால், விரலால் இழுத்துத் திரும்பும் முறையை செட்டிங்ஸில் மாற்றி, கீழே மூன்று பொத்தான் தெரிகிற பழைய முறையை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொத்தானை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: அம்மா எதைத் தொட்டாலும் இரண்டு முறை கிளிக் செய்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்துக்கு இரண்டு கிளிக், இணையப் பக்கத்தில் இருக்கும் படத்துக்கு ஒரு கிளிக் என்று வைத்தது யார் குற்றம்? பிரவுசருக்குள் வந்துவிட்டால் எல்லாமே ஒரு கிளிக் என்று சொல்லுங்கள். இது முக்கியம். சமர்ப்பிக்கும் பொத்தானை இரண்டு முறை தட்டினால் சில தளங்களில் படிவம் இரண்டு முறை போய்விடும்.

கிளிக் செய்யும்போது அவர் கையையும் கவனியுங்கள். பெரும்பாலும் மணிக்கட்டு மேசையில் படாமல் அந்தரத்தில் இருக்கும். விரலை அழுத்தும்போது மவுஸும் கூடவே நகர்ந்து, அம்பு இலக்கைவிட்டு விலகிவிடும். கையை மேசையில் ஊன்றி, விரல் மட்டும் அசையப் பழக்குங்கள். செட்டிங்ஸில் அம்பின் வேகத்தையும் குறையுங்கள்.

கைப் பழக்கத்துக்கு சாலிட்டேர் சீட்டாட்டம் நல்லது. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த அந்த ஆட்டத்தில்தான் ஏராளமானோர் மவுஸால் இழுத்து விடக் கற்றார்கள்.

கேள்வி: அத்தை தொட்டால் மட்டும் போன் திரை சரியாக வேலை செய்வதில்லை.

தோலின் வழியே நடக்கும் மெல்லிய மின் மாற்றத்தை வைத்துத்தான் திரை தொடுதலை அறிகிறது. வயதாகும்போது தோல் உலர்ந்துபோவதால் சில சமயம் தொட்டது பதியாது. பதியவில்லையே என்று அவர் அழுத்திப் பிடிப்பார். போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறெதையோ திறக்கும். அணுகல்தன்மை (Accessibility) செட்டிங்ஸில் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தைக் கூட்டி வையுங்கள். விரலில் கொஞ்சம் ஈரப்பதம் இருந்தாலும் உதவும்.

கேள்வி: எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் மாமனார் மறந்துவிடுகிறார்.

சொல்லிக்கொடுக்கும்போது மவுஸ் யார் கையில் இருந்தது? உங்கள் கையில் என்றால் அவர் கற்கவில்லை, பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரமானாலும் அவர் கையாலேயே நடக்கட்டும். படிகளையும் அவர் சொற்களில், அவர் கையாலேயே நோட்டில் எழுதட்டும்.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்கலாம்?

அது என் துறை இல்லை. விற்பனையாளரிடம் கேளுங்கள். பெரிய திரை, எழுத்து தெளிவாகத் தெரிகிற விசைகள், இரண்டையும் பெரியவரே தொட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

கேள்வி: தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடுங்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். அந்தப் பக்கம் இருப்பது திருடனா இல்லையா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் பூட்டு இருக்கும். குரோம் பிரவுசர் 2023இல் அந்தச் சின்னத்தையே மாற்றிவிட்டது.

அதைவிட, வங்கித் தளத்தையும் மின்னஞ்சலையும் நீங்களே புக்மார்க் செய்து கொடுங்கள். தேடிப் போனால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். முக்கியமாக, வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி எடுக்கவே கூடாது. வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சடித்த எண்ணைப் பார்க்கட்டும்.

கேள்வி: பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவைக்கலாமா?

தாராளமாக. 2005இலேயே பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னவர். எழுதும்போது பூஜ்ஜியத்துக்கு நடுவில் ஒரு கோடு போடட்டும், பெரிய எழுத்துக்கு அடிக்கோடு இடட்டும். பாதி குழப்பம் அங்கேதான்.

இன்னொருவர்: நான் இந்தத் துறையில் இருப்பவன். நோட்டில் எழுதச் சொல்வது ஆபத்தான அறிவுரை. எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலி, பாஸ்வேர்ட் மேனேஜர், எதற்கு இருக்கிறது?

நோட்டைத் திருட ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டும். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பவரை, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் திருடலாம். ஒரு தளத்தில் கசிந்ததை மற்ற தளங்களில் தானாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. ஞாபகத்தை மட்டும் நம்பச் சொன்னால் பெரியவர் பேரன் பெயரையே எல்லாவற்றுக்கும் வைப்பார். மேனேஜர் நல்லதுதான். ஆனால் அதைத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்ட் மறந்துபோனால்? மின்னஞ்சலுக்கே இப்போதுதான் பழகுபவர் மேல் அதைச் சுமத்தாதீர்கள்.

அவரே: வீட்டுக்குள்ளேயே திருடுபவர்கள் உண்டு. முதியவர்களின் பணத்தை உறவினரே எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதை மறுக்க மாட்டேன். நல்ல காரணம். வங்கிப் பாஸ்வேர்டும் அட்டையின் ரகசிய எண்ணும் (PIN) அந்த நோட்டில் இருக்கக் கூடாது. நோட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பெரியவரே முடிவு செய்யட்டும், உங்களுக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாமவர்: மாதாமாதம் மாற்றச் சொன்னால் போதாதா?

வேண்டாம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டே 2017இல் கட்டாயமாக மாற்றவைக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண்ணைத்தான் கூட்டுவார்கள். கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். நோட்டுப் பேச்சை இத்தோடு விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மாமியாருக்கு ஒரே விஷயத்தை எத்தனை முறை சொல்வது?

மாமனாருக்குச் சொன்னதேதான். மவுஸிலிருந்து உங்கள் கையை எடுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்குத் தமிழில் டைப் செய்ய வேண்டும்.

குரல் வழி ஆரம்பியுங்கள். 2017இல் இருந்தே கூகுளின் கீபோர்டு தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. பிழைகளைத் திருத்தும் ஆசையில் அவரே மெல்லத் தட்டச்சுக்கு வருவார்.

கேள்வி: சித்தப்பா கம்ப்யூட்டரில் வைரஸ் என்று மூலையில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது 'அனுமதி' என்று அழுத்தியிருப்பார். அநேகமாக அவ்வளவுதான். பிரவுசர் செட்டிங்ஸில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்குங்கள். அந்தச் செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஒருவர் அன்பாகப் பேசி, எனிடெஸ்க் போல, தூரத்திலிருந்தே உங்கள் திரையைப் பார்த்து இயக்க உதவும் செயலியைப் போடச் சொல்வார், பிறகு ஓடிபி கேட்பார். திரையைப் பகிரச் சொல்லும் அந்நியர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. இதைப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரில் பேசுபவரிடம் பாதியில் துண்டிக்கக் கூச்சப்பட்டே நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அப்பா சொன்னதையே மறந்து...

மேலே படியுங்கள்.

கேள்வி: எனக்கே அறுபத்தெட்டு. பிள்ளைகள் வெளியூரில். தனியாகக் கற்க முடியுமா?

முடியும் அம்மா. நீங்கள் எழுதிய இந்தக் கேள்வியே பாதி வேலையை முடித்துவிட்டது. முதலில் கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தி, எழுத்து கண்ணுக்கு இதமாகும் வரை பெரிதாக்குங்கள். அப்புறம் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையான ஒன்றைத் தேடுங்கள், பாட்டோ தோட்டமோ எதுவானாலும் சரி. திறப்பது, திரும்புவது, டேபை மூடுவது கைக்கு வரும்வரை பணம் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம். எங்காவது மாட்டிக்கொண்டால் திரையை அப்படியே போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். என்ன செய்வது என்று அவர்கள் போனில் சொல்லட்டும், அழுத்துவது நீங்களாக இருங்கள்.