1.2 மைக்ரோமூல் மெதேன்

அன்பின் ஐயா,

இறுதியாண்டு ஆய்வுக்காகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளைச் செப்பு அசற்றேற்றுக் கரைசலில் ஊறவிட்டு, 1% செப்பு ஏற்றி, 110 பாகையில் உலர்த்தினேன். அதில் 50 மில்லிகிராமை நீரோடும் காபனீரொட்சைட்டோடும் இறப்பர் மூடியிட்ட கலனில் அடைத்து, 100 வாற்று கழியூதா (UV) விளக்கின் கீழ் 5 மணித்தியாலம் வைத்தேன். வாயுக்களைப் பிரித்தளக்கும் ஜி.சி. கருவி 1.2 மைக்ரோமூல் (மூலின் பத்து இலட்சத்திலொரு பங்கு அலகில்) மெதேன் காட்டியது. இருட்டில் ஒன்றும் வரவில்லை. காபனீரொட்சைட்டு எரிபொருளாகிவிட்டது என்று எழுதலாமா? இதையே மொட்டைமாடியில் வைத்தால் சமையல் எரிவாயுவுக்கு ஈடாகுமா?

– மாணவன், வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

மொட்டைமாடிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். இந்தத் தூள் 387 நானோமீற்றருக்குக் குறைந்த ஒளியைத்தான் உறிஞ்சும். வெயிலில் அது நாலைந்து சதவீதம். கொழும்பில் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு விழும் சுமார் 5 கிலோவாற்று மணியில் 0.2 தேறும். அது துளியும் வீணாகாமல் மெதேனானாலும் 14 கிராம்தான். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடுகட்ட இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். உங்கள் 1.2 மைக்ரோமூலை எரித்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு யூல். விளக்கு தின்றது 18 இலட்சம் யூல்.

இனி முக்கியமான கேள்வி. இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். இருட்டுப் பரிசோதனை, ஒளி தேவை என்பதை மட்டும் காட்டும். மெதேனிலுள்ள காபன் யாருடையது என்று சொல்லாது.

எனக்குச் சந்தேகம் உங்கள் அசற்றேற்றில்தான்; அது அசற்றிக்கமிலத்தின் உப்பு, அதிலும் காபன் உண்டு. 50 மில்லிகிராமில் 1% செப்பு என்றால் 0.5 மில்லிகிராம், ஏறக்குறைய 8 மைக்ரோமூல். செப்பு ஒன்றுக்கு அசற்றேற்று இரண்டு, ஆக 16 மைக்ரோமூல். 110 பாகையில் நீர் போகும், அசற்றேற்றில் பெரும்பங்கு அங்கேயே கிடக்கும். பிளாற்றினம் ஏற்றிய இதே தூளில் ஒளி பட்டால் அசற்றிக்கமிலம் உடைந்து மெதேனும் காபனீரொட்சைட்டும் தரும் என்பதை வேதியியலாளர்கள் குரொய்ட்லரும் பார்டும் 1978 இலேயே காட்டிவிட்டார்கள். 16 இல் பத்திலொரு பங்கு உடைந்தாலே 1.6 வந்துவிடும்!

அசற்றேற்றை விட்டுவிட்டு, காபன் இல்லாத செப்பு நைத்திரேற்றை எடுங்கள். உலர்த்தியதைக் காற்றில் 400 பாகையில் 4 மணித்தியாலம் சுடுங்கள். 600ஐத் தாண்டினால் தூளின் அனற்றேசு என்ற பளிங்கு வடிவம் உரூற்றைல் என்ற வடிவமாக மாறத் தொடங்கும், மேற்பரப்பும் சுருங்கும். பிறகு தூளைக் கலனிலிட்டு, ஈரமான ஆகனை (எதனோடும் தாக்கம் புரியாத வாயு) ஓடவிட்டு, இரவு முழுக்க விளக்கை எரியவிடுங்கள். மெதேன் வருவது நின்ற பிறகே பரிசோதனையைத் தொடங்கலாம். முதலில் ஆகனில் 5 மணித்தியாலம், அடுத்து காபனீரொட்சைட்டில் 5 மணித்தியாலம். இரண்டிலும் ஒரே அளவு வந்தால் மெதேன் காபனீரொட்சைட்டிலிருந்து வரவில்லை, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தூளே இல்லாமலும் ஒருமுறை ஓட்டுங்கள்: கழியூதாவில் இறப்பர் மூடியும் சிதையும். மூடியை அலுமினியத் தாளால் மறையுங்கள், மூட்டுகளில் கிறீஸ் பூசாதீர்கள்.

ஒட்சிசனை அளந்தீர்களா? கடிதத்தில் இல்லை. பலரும் இதைத் தட்டிக்கழிப்பார்கள், காற்றுக் கசிவு குழப்புமென்று. கூடவே நைதரசனையும் அளந்தால் கசிந்த பங்கைக் கழித்துவிடலாம். நீர்தான் இலத்திரன் கொடுத்ததென்றால் ஒரு மெதேனுக்கு இரண்டு ஒட்சிசன் வரவேண்டும். உங்கள் கணக்கில் 2.4 மைக்ரோமூல். அது இல்லையென்றால் வேறேதோ சேதனப் பொருள் எரிந்திருக்கிறது.

இவ்வளவும் தேறினால் காபன்-13 (வழக்கமான காபன்-12ஐவிடச் சற்றுப் பாரமான காபன்) கொண்ட காபனீரொட்சைட்டை வாங்கலாம். விலை கூடியதுதான், ஆனால் சிறிய கலனுக்குக் கொஞ்சம் போதும். மூலக்கூறுகளை எடைப்படி பிரித்துக் காட்டும் திணிவு நிறமாலையில், வழக்கமாக 16இல் வரும் மெதேன் 17இல் வரவேண்டும். நீராவியும் 17இல் ஒரு துண்டு தரும். ஆகவே நீரை ஜி.சி. நிரலில் முன்கூட்டியே பிரித்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் பாருங்கள்.