கம்பெனி கேட்டில் காத்துக் கிடப்பது ஓய்வு ஆகுமா?

கேள்வி: எனக்கு வாலாஜாபேட்டை பக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து மும்பை பக்கத்துப் பிவண்டிக்கு லோடு ஓட்டுகிறேன். ஓனரிடம் ஏழு லாரி இருக்கிறது. சம்பளம் டிரிப் கணக்கு, அதோடு பேட்டா. லோடு ஏற்ற கேட்டில் எட்டு, பத்து மணி நேரம் நிற்கவேண்டியிருக்கிறது. ஏற்றி முடித்ததும், "பகல் முழுக்க ரெஸ்ட்தானே எடுத்தே, நாளை மறுநாள் காலையில பிவண்டியில நிக்கணும், இல்லன்னா ஈ-வே பில் முடிஞ்சிடும்" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) கதையை முதலில் முடித்துவிடலாம். அது வீண் மிரட்டல். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று 2021 ஜனவரி முதல் கணக்கு. ராணிப்பேட்டையிலிருந்து பிவண்டி சுமார் 1,200 கி.மீ. ஆக, உங்கள் பில்லுக்கு ஆறு நாளுக்குக் குறையாமல் ஆயுள் உண்டு. வழியில் வண்டி பழுதாகி நின்றாலும், பில் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ முடிந்த பின் எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்துக்கொள்ளலாம். பில்லில் செல்லுபடியாகும் தேதி அச்சாகியிருக்கும். அடுத்த முறை அதை ஓனரிடமே காட்டுங்கள்.

இப்போது ஓட்டும் நேரத்துக்கு வருவோம். லோடு வண்டி சராசரி 45 கி.மீ. வேகத்தில் போனால், 1,200 கி.மீ.க்கு ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டுமே 26, 27 மணி. இன்று மாலை கிளம்பி நாளை மறுநாள் காலையில் சேர வேண்டுமென்றால் கையில் இருப்பது 36 மணி. டோல்கேட், டீசல், சாப்பாடு, குளியல் எல்லாம் போக, இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து தூங்க நாலு மணி நேரம் மிஞ்சினால் பெரிது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 வகுத்த அளவு இது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூரத் தடங்களில் உரிய அதிகாரியின் அனுமதி இருந்தால் மட்டும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவில் அரை மணியாவது இடைவேளை வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் சேர்ந்தாற்போல் ஒன்பது மணி நேர ஓய்வு வேண்டும். இந்தக் கணக்கில் உங்கள் பயணத்துக்கு, அனுமதி வாங்கிய பத்து மணி நேர வேலையே என்றாலும், மூன்று நாளாகும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1961 சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. எட்டு மணி நேரம் மாறவில்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் மாறவில்லை. கூடுதல் நேரம் வேலை வாங்க உங்கள் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இடைவேளை அளவை மட்டும் அரசு அறிவிப்புக்கு விட்டிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. முன்பு ஐந்து தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்போது பத்துப் பேர் வேண்டும். நம் பக்கத்தில் இரண்டு, மூன்று லாரி வைத்து ஓட்டுபவர்களே அதிகம். அவர்களிடம் வேலை செய்பவர்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை.

உங்கள் ஓனர் தப்ப முடியாது என்றே நினைக்கிறேன். டிரைவரை மட்டும் எண்ணாதீர்கள். கிளீனர், புக்கிங் கிளார்க், வாட்ச்மேன் எல்லோரும் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்தான். ஏழு லாரி என்றால் தலை பத்தைத் தாண்டிவிடும். அது போக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் அதே வேலை நேரம்தான் என்கிறது. அந்தப் பிரிவில் ஆள் கணக்கே இல்லை.

சரி, கேட்டில் நிற்கும் பத்து மணி நேரம்? உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வேலை நேரம் என்றால் வண்டி ஓடும் நேரம் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளியோ அவர் சார்பில் வேறு ஒருவரோ கூப்பிட்டால் நீங்கள் போக வேண்டிய நிலையில் இருக்கும் நேரம் என்கிறது. லோடு ஏற்றுவது, இறக்குவது, வண்டியைப் பராமரிப்பது எல்லாம் துணை வேலை என்று அதில் சேரும். உங்கள் நேரத்தை உங்கள் விருப்பப்படி செலவழிக்க முடிந்தால்தான் அது ஓய்வு.

இதை கேட்டில் வைத்துப் பாருங்கள். டோக்கன் கையில் இருக்கிறது. முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால் நீங்களும் நகர்த்த வேண்டும். செக்யூரிட்டி எப்போது நம்பரைக் கூப்பிடுவார் என்று தெரியாது. தார்ப்பாய் அவிழ்த்து மடிக்க வேண்டும், எடைமேடைக்குப் போய்வர வேண்டும். இது வேலை. அதே கேட்டில், "நாளைக் காலை ஆறு மணிக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நீங்களும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டீர்கள் என்றால், அது ஓய்வு. சும்மா காத்திருந்ததெல்லாம் வேலையில் சேராது என்று ஓனர் வாதாடப் பார்ப்பார். அதனால் நகர்த்திய நேரம், கூப்பிட்ட நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள்.

எழுதுவது என்றால் பெரிய ரிஜிஸ்டர் வேண்டாம். கேட் பாஸ், எடைமேடை ரசீது, டீசல் பில் எல்லாவற்றிலும் நேரம் அச்சாகியிருக்கும். போனில் படம் எடுத்து வைத்தால் போதும். பாஸ்டேக் மெசேஜ் ஓனர் போனுக்குப் போகும், ஆனால் பள்ளிகொண்டாவை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள், வாணியம்பாடியை எப்போது தாண்டினீர்கள் என்பது அந்தக் கணக்கில் இருக்கும். பிரச்சினை என்று வந்தால் கேட்டு வாங்கலாம். ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "இத்தனை மணிக்குள் வந்தே ஆகணும்" என்ற செய்தியை அழித்துவிடாதீர்கள். வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத பயணம் அது என்று கோர்ட் கருதினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவில் அந்த உத்தரவே அவருக்கு எதிரான சான்று.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், விபத்து நடந்தால் முதல் வழக்கு உங்கள் பெயரில்தான். அஜாக்கிரதையால் மரணம் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போல் தடுமாறும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 0.03ஐத் தாண்டினாலே குடிபோதை வழக்கு. 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் செருகினால் வண்டி 66 மீட்டர் ஓடிவிடும்.

திரும்பி வரும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். கிருஷ்ணகிரி தாண்டியதும் வீடு வந்துவிட்டது போல இருக்கும். ஆனால் வாலாஜாவுக்கு இன்னும் 150 கி.மீ.க்குச் சற்றே குறைவு. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். ஆம்பூர், மாதனூர் பக்கம் வரும்போது உங்களுக்கு அந்த நேரமாகிவிட்டால், முகம் கழுவி டீ குடிப்பது போதாது. டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். சாலையோரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். லே-பை (வண்டி நிறுத்த ஒதுக்கிய இடம்), பங்க், ஓட்டல் வளாகம் என்று பார்த்து ஒதுங்குங்கள்.

மறுத்தால் வேலை போகுமா? போகலாம், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் தனியாக மறுக்காதீர்கள். ஏழு டிரைவரும் சேர்ந்து, பயணத்துக்கு மூன்று நாள் அல்லது இரண்டாவது டிரைவர் என்று கேளுங்கள். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்காக இரண்டாவது ஆளைப் போடக்கூடாது என்றில்லை. ஓனர் இணங்காவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்) எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ஓனரின் அலுவலகம் வேலூரில் இருக்கிறதா ராணிப்பேட்டையில் இருக்கிறதா என்று பார்த்து அந்த மாவட்டத்தில் கொடுங்கள்.