பேரிடர் கால மருத்துவத் திட்டமிடல்: நர்சிங்கில் தொடங்கட்டும்

அன்புள்ள ஐயா,

எம்பிபிஎஸ் கிடைக்காது என்று தெரிந்த பிறகு உங்கள் மகள் "பேரிடர் மேலாண்மைதான் படிப்பேன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள், அதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர்கள் தனித்தனித் தீவுகளானதையும் நேரில் பார்த்த பிள்ளைக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். படிக்கும் வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

முதலில் பி.எஸ்சி. நர்சிங், நான்கு வருடம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் நல்லதுதான். ஆனால் நர்சிங்குக்கு வேலைவாய்ப்பு அகலம் என்பதால் அதையே முதலில் வைப்பேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உள்ளூரில் வெள்ள நேரத்து மருத்துவ ஏற்பாட்டைச் செய்பவர்கள் ஏற்கெனவே சுகாதாரத் துறையில் இருப்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கிராம சுகாதார செவிலியர் பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளின் பட்டியலை எடுக்கிறார். யார் வீடு தாழ்வான இடத்தில், எந்தப் பாலம் முதலில் மூழ்கும், முன்கூட்டியே எந்த மருத்துவமனையில் சேர்ப்பது என்று ஒவ்வொரு பெயருக்கும் முடிவு வேண்டும். அப்புறம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள். மருத்துவமனை ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால் அதற்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிடும். கரண்ட் போனால் தடுப்பூசிகளை எங்கே மாற்றுவது? தண்ணீர் வடிந்தபின் தெருக்குழாய்த் தண்ணீரில் குளோரின் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எலிக்காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். நடக்க முடியாத ஒரு நோயாளியை மாடிப்படி வழியாக இறக்க எத்தனை பேர் வேண்டும் என்பது வார்டில் இரவுப் பணி பார்த்தவருக்குத்தான் தெரியும். அது தெரியாமல் போடும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

நர்சிங் முடித்து ஓரிரு வருடம் வேலை பார்த்தபின் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். இரண்டு வருடம், புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. பேரிடர் மேலாண்மையே வேண்டும் என்றால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் முதுநிலையாகவே படிக்கலாம். மாவட்ட சுகாதார அலுவலகங்கள், தேசிய நலவாழ்வுக் குழுமம், யுனிசெஃப் போன்ற அமைப்புகள் எல்லாமே அப்போது எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அரசுச் செவிலியர் பணி பெரும்பாலும் ஒப்பந்தமாகத்தான் தொடங்குகிறது. பணி நிரந்தரம் ஆவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். வீட்டில் அதற்குத் தயாராக இருங்கள்.

விண்ணப்பம் போடும் முன் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சுகாதாரப் பகுதியை அவளைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரிடம் ஒரு மணி நேரம் பேசவும் வையுங்கள். அதற்கப்புறமும் இதுதான் வேண்டும் என்றால், கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு நர்சிங் கல்லூரிகளை முதலில் போடச் சொல்லுங்கள்.