ஹேசல்நட் படிக்கட்டும், விடுங்கள்

ஆரிகன் மாநிலம் ஹில்ஸ்பரோவிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகளுக்குக் கிழக்குக் கரையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்திருக்கிறது. அவளோ கோர்வாலிஸில் இருக்கும் ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படித்து, ஹேசல்நட் என்ற சாக்லேட்டில் போடும் கொட்டைக்குப் புது ரகம் உருவாக்கப் போகிறேன் என்கிறாளாம். "ஊரிலிருந்து அவள் பெரியப்பா தினமும் போன் போட்டுத் திட்டுகிறார், பயமாக இருக்கிறது சார்."

பயம் நியாயம்தான். ஆனால் பெரியப்பா ஃபீஸ் கட்டப் போவதில்லை. ஆண்டுக்கு 80,000 டாலர் கேட்கும் இடத்துக்கு, அவளுக்கே பிடிக்காத படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரர் கட்டணம் அதில் ஒரு பங்குதான்.

அவள் சொல்வது என்ன வேலை என்று பாருங்கள். அமெரிக்க ஹேசல்நட் கிட்டத்தட்ட முழுக்க விளைவது உங்கள் வீட்டுப் பக்கத்து வில்லமெட் பள்ளத்தாக்கில். 1980களில் அங்கே நுழைந்த ஒரு பூஞ்சை நோய் பழைய பார்சலோனா ரகத் தோப்புகளைக் கருக்கியது. காஸ்அவே என்ற, யாரும் பெரிதாக மதிக்காத ரகத்தில் அதை எதிர்க்கும் ஒற்றை மரபணு இருந்தது. அதை வைத்து ஆரிகன் ஸ்டேட் ஆட்கள் கலப்பு செய்து, 2009இல் ஜெஃபர்சன் போன்ற ரகங்களைக் கொடுத்ததால்தான் தோப்புகள் மறுபடி பெருகின. இப்போது அந்த எதிர்ப்பையும் தாண்டும் நோய்வகை அங்கேயே தலைகாட்டியிருக்கிறது, ஆகவே புது மரபணு தேடும் ஆட்கள் வேண்டும்.

வேலை சுலபமில்லை. பூப்பது ஜனவரி குளிரில், காற்றில்தான் மகரந்தம் போகும், தன் மகரந்தத்தை மரம் ஏற்காது, எந்த ரகம் எதோடு சேரும் என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், அப்புறம் ஒரு கலப்பு ரகமாக வெளிவரப் பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம். சாப்ட்வேர் சம்பளம் வராது, அதையும் அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் இந்தத் துறையில் மேற்படிப்புக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு, ஃபீஸும் அதிலேயே கழியும். நாற்றுப்பண்ணை, திசு வளர்ப்புக் கூடம், கோர்வாலிஸிலேயே இருக்கும் மத்திய அரசின் பயிர் மரபுவளச் சேகரிப்பு மையம் என்று போக இடமும் இருக்கிறது.

எந்தக் கல்லூரிக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு தோப்புக்கும் ஆரிகன் ஸ்டேட் தோட்டக்கலைத் துறைக்கும் போய் வாருங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். பெரியப்பாவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், அவளிடம் போனைக் கொடுக்காதீர்கள்.